மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் ஒரு குழி

1

உங்களுக்கு இந்த விடுப்பெல்லாம், மற்றவர் வீட்டுக் கதையெல்லாம் எதற்கு என்று முதலில் கேட்கிறேன். ஊரில் வேறு வேலை இல்லையா? கிணற்றடி கூட்டியாகிவிட்டதா? ஆட்டுக்குக் குழை கட்டியாகிவிட்டதா? மொன்றியலில் இருக்கிற ஒரு கிழவி அமெரிக்கப் பாலைவனத்தில் போய் ஒரு குழியை எட்டிப் பார்த்தாள் என்றால், அதில் உங்களுக்கு என்ன குறைந்து போயிற்று?

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை. என் மருமகன் சிறி அதைக் கைபேசியில் எடுத்து உறவுக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். காற்றில் என் சேலைத் தலைப்பு கோயில் கொடி மாதிரிப் பறக்கிறது. பின்னால், ஒரு சந்தையையே தூக்கி உள்ளே வைக்கலாம் போல ஒரு குழி. அடுத்த நாள் விடியவே சாவகச்சேரியிலிருந்து தங்கை யோகம் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, காசு குடுத்துக் குழி பார்க்கப் போனியளாம். மெய்யோ?"

"ஓம்."

"உள்ளுக்க என்ன இருந்தது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததைப் பார்க்கவோ அவ்வளவு தூரம் போனனீங்கள்?"

"உன்ர மனுசனைக் கலியாணம் பேசேக்கையும் அப்பிடித்தான் போய்ப் பார்த்திட்டு வந்தனான். இப்ப கதையை விடு."

அவள் விடவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தொண்டைத் தண்ணீர் இல்லை. ஆகவே ஒரே முறையில் எழுதிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

2

என் பேத்தி தாரணி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் மண் படித்தாள். ஆம், மண்தான். நான்கு வருடம் இரண்டு பஸ் மாறிப் போய் மண்ணைப் படித்தவள், வீட்டில் இருக்கிற ஒரே கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒருநாள் தண்ணீர் விட்டதில்லை.

படிப்பு முடிந்ததும் அரிசோனாவில் ஒரு பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டது. இரண்டு வருடம் பாலைவன மண்ணை ஆராய்கிற வேலை. பிள்ளைக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தாய்க்காரி, அதாவது என் மகள் வசந்தி, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"கனடாவில மண் இல்லையே?"

"இஞ்சத்தை மண்ணைப் பாதி வருசம் பனி மூடியிருக்கு, அம்மா."

"மூடியிருந்தால் பனியைத் தட்டிப்போட்டுப் படி. தனிய ஒரு பொம்பிளைப்பிள்ளை பாலைவனத்தில என்னெண்டு இருக்கிறது?"

மருமகன் சிறி தலையைக் குனிந்து பருப்பைக் குழைத்துக்கொண்டிருந்தார். அவர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். இருபது வருடமாக மற்றவர்களின் பெட்டிகளை உலகமெல்லாம் அனுப்பியவர், வீட்டில் ஒரு சொல்லைக்கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அனுப்பமாட்டார்.

மூன்று நாள் சண்டை. தாரணிக்குக் கோபம் வந்தால் வாயில் பிரெஞ்சுதான் வரும். வசந்திக்குக் கோபம் வந்தால் பாத்திரம் சத்தம் போடும். கடைசியில் வசந்தி சொன்னாள்: "அம்மம்மாவைக் கேப்பம். அவ ஓம் எண்டால் போ. இல்லையெண்டால் வாயை மூடு."

தாரணியும் உடனே ஒப்புக்கொண்டாள். நான் பழைய காலத்து மனுசி, வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று தாய் நினைத்தாள். நான் செல்லம் கொடுப்பவள், போ என்றுதான் சொல்வேன் என்று மகள் நினைத்தாள். இரண்டு பேரும் என்னை அளந்தது பிழை. ஆனால் அதை நான் ஏன் சொல்லப்போகிறேன்? எட்டு நாள் எனக்கு நடந்த உபசாரம் ராசாத்திக்கும் நடந்திருக்காது. வசந்தி பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள், நண்டு போட்டு. காலையில் "போன்ஜூர் அம்மம்மா" என்று சொல்லிவிட்டுக் காற்றாய்ப் போகிற தாரணி, என் காலடியில் இருந்து நகம் வெட்டிவிட்டாள். தமிழில் முழு வசனம் பேசினாள். நான் இன்னும் ஒரு மாதம் யோசித்திருப்பேன், கூழுக்கு ஒடியல் மா முடிந்துவிட்டது.

ஆகவே சொன்னேன்: "இடத்தைப் பாராமல் என்னெண்டு சொல்லுறது? பொம்பிளை குடுக்கிற இடத்தை நேர போய்ப் பார்க்கிறதுதானே எங்கட வழக்கம்."

உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் பேசினால் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருதரம் போவார்கள். மாப்பிள்ளையின் முகத்தை யார் பார்த்தது? கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்ப்பார்கள், நல்ல தண்ணீரா உவரா என்று. அயலட்டையில் மெல்ல விசாரிப்பார்கள். பாலைவனம் மட்டும் என்ன, கொம்பு முளைத்த மாப்பிள்ளையா?

3

நாலு பேருமாகப் போவது என்று முடிவாயிற்று; அதற்கு முன் எனக்குப் புதிய பாஸ்போட் எடுக்கவேண்டியிருந்தது. படம் பிடிக்கிற பெடியன் சிரிக்கக் கூடாது என்றான். எழுபத்தெட்டு வருடத்தில் எனக்கு ஒருவரும் அப்படிக் கட்டளை போட்டதில்லை. கட்டளை போட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறாவது படத்தில் ஒருமாதிரி அடக்கினேன். செத்தவீட்டுக்கு வந்து சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருக்கிறவள் மாதிரி விழுந்திருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களை அமெரிக்க அதிகாரிகள் மொன்றியல் விமான நிலையத்திலேயே வைத்து விசாரிப்பார்கள். கூண்டுக்குள் இருந்தவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், எதற்குப் போகிறாய் என்று. தாரணி மொழிபெயர்த்தாள்.

"இடம் பார்க்க எண்டு சொல்லு," என்றேன்.

"என்ன இடம் எண்டு கேக்கிறார்."

"மாப்பிள்ளை வீடு."

"அம்மம்மா, பிளீஸ்!"

அவள் என்ன சொன்னாளோ தெரியாது, அதிகாரி என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள், திருநீறு, ஒரு பித்தளை மூக்குப்பேணி. மூக்குப்பேணியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அண்ணாந்து, வாயில் படாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன். பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. அதிகாரி மட்டும் என் பாஸ்போட் படத்தைப் போலவே இருந்தார். அவருக்கும் யாரோ சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கவேண்டும். நான் மொன்றியலில் நன்றி சொல்கிற மாதிரி "மெர்சி" என்றேன். அதன்பிறகு அமெரிக்கா முழுவதும் எனக்கு வாயில் மெர்சிதான் வந்தது, ஒருவரும் பதில் சொல்லவில்லை.

4

அரிசோனாவில் தாரணிக்குப் பார்த்திருந்த வீட்டில் மேல்மாடியில் ஒரு அறை. கீழே வீட்டுக்காரி, என் வயது வெள்ளைக்காரி. குழாய்த் தண்ணீரை மூக்குப்பேணியில் பிடித்துக் குடித்தேன். பாதி உவர். கடற்கரைப் பக்கத்துக் கிணறு மாதிரி.

"தேத்தண்ணிக்கு உதவாது," என்றேன். வசந்தியின் முகம் மலர்ந்தது.

"ஆனால் கறிக்கு உப்புப் போடத் தேவையில்லை," என்றேன். தாரணியின் முகம் மலர்ந்தது.

பிறகு அயலட்டையில் விசாரிக்கப் போனோம். பக்கத்து வீட்டு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்த மனிதர் என் சேலையைப் பார்த்தார், நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், தாரணி வாயைத் திறப்பதற்கு முன் "எங்களுக்கு ஏற்கெனவே ஒரு சமயம் இருக்கிறது, நன்றி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். இப்படி ஒரு மரியாதை எனக்கு எங்கும் கிடைத்ததில்லை. தெருவில் நின்று தாரணி வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். சிறி காருக்குள்ளேயே குனிந்துவிட்டார்.

எதிர்வீட்டில் நாயோடு நின்ற ஒரு பெண் மட்டும் பதில் சொன்னாள். வீட்டுக்காரி மிகவும் நல்லவளாம், ஆனால் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாளாம்.

"எங்கட குடும்பத்துக்குப் பொருத்தம்," என்றேன்.

ஆனாலும் தீர்ப்பைச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் இருந்தது. சுகத்தை யார் முடித்துக்கொள்வார்கள்?

5

அந்தப் பாலைவனத்துப் பெருந்தெருவில் குழிக்கு விளம்பரம் வைத்திருக்கிறார்கள். முதல் பலகை வந்தது, வானத்திலிருந்து விழுந்த கல் தோண்டிய குழி, வந்து பாருங்கள் என்று. கொஞ்சத் தூரத்தில் அடுத்தது. பிறகு இன்னொன்று. ஊரில் ஒலிபெருக்கி கட்டிக் கூப்பிடுகிற திருவிழாவுக்குப் போகாமல் இருந்தாலும் இருக்கலாம், இந்தப் பலகைகளைத் தாண்டிப் போக முடியாது.

"தம்பி, காரைத் திருப்புங்கோ," என்றேன் மருமகனிடம்.

"மாமி, அது வெறும் குழி."

"வெறும் குழிக்கு இவ்வளவு பலகை வைப்பினமே? உள்ளுக்கு என்னவோ இருக்கு."

வயது போனவர்களுக்குச் சீட்டில் கொஞ்சம் குறைத்தார்கள். குழிக்கு ஐம்பதாயிரம் வயதாம். அதற்கு முன்னால் நான் குழந்தை, முழுவதும் குறைத்திருக்கலாம். உள்ளே ஒரு சாப்பாட்டுக் கடை, நினைவுப்பொருள் கடை, தொட்டுப் பார்க்க ஒரு இரும்புக் கல். எல்லாவற்றையும் தாண்டி விளிம்புக்கு ஏறினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே குழி.

பெரியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கோப்பையை மணலில் அழுத்தி எடுத்த மாதிரி, அப்படியே வட்டமாக. ஒரு மரம் இல்லை, ஒரு மாடு இல்லை. வழிகாட்டுகிற பெண் என்னென்னவோ சொன்னாள். தாரணி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"விழுந்த கல்லு எங்கயாம்?" என்று கேட்டேன்.

"முக்கால்வாசி ஆவியாப் போட்டுதாம், அம்மம்மா."

"அப்ப மாப்பிள்ளை ஓடிட்டார். வீடு மட்டும் நிக்குது. இதுக்கோ சீட்டு?"

சிறி தூரக்கண்ணாடி ஒன்றை எனக்காகத் திருப்பிவிட்டார். அதில் பார்த்தால் குழியின் அடியில் ஒரு ஆள் தனியாக நிற்கிறான்.

"ஐயோ, கீழ ஒருத்தன் நிக்கிறான். அவனுக்கு ஆரும் தேத்தண்ணி குடுத்தவையோ?"

"அது பொம்மை அம்மம்மா. அளவு தெரியிறதுக்கு வைச்சிருக்கினம்."

"எண்டாலும் கேக்கவேணும். எங்கட குழிக்கு வந்த ஒரு சனத்தையும் நான் தேத்தண்ணி குடுக்காமல் அனுப்பேல்லை."

"எங்கட குழியோ?" தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்களிட்டயும் ஒரு குழி இருந்ததோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இருபத்திரண்டு வருடத்தில் இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்று. சொன்னேன்.

சண்டைக் காலத்தில் ஒரு நாள் விமானம் எங்கள் வளவில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனது. நாங்கள் பதுங்கு குழிக்குள் இருந்ததால் தப்பினோம். எலுமிச்சை மரமும் நாலு கோழியும் தப்பவில்லை. குசினிக்குப் பின்னால் ஒரு குழி, சின்ன வீடு ஒன்றை இறக்கலாம். அடுத்த நாளே சனம் வரத் தொடங்கிவிட்டது. அயலூர்களிலிருந்து சைக்கிளில், இரண்டு இரண்டு பேராக. குழியைச் சுற்றி நின்று "சீ, சீ" என்று சொல்வார்கள். பிறகு போகமாட்டார்கள், விறாந்தையில் வந்து இருப்பார்கள். துக்கம் கேட்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அந்த நேரம் சீனி வாங்க முடியாது. பனங்கட்டி கடித்துக் குடிக்கத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கிழமை ஊற்றினேன். குண்டு போட்டவன் விட்டுவைத்த தேயிலையை, குண்டு பார்க்க வந்தவர்கள் குடித்து முடித்தார்கள். ஒரு மனிதன் இரண்டு தரம் வந்தான். முதல் தரம் குழி மனசில் சரியாகப் பதியவில்லையாம்.

"அவையள் சீட்டு விக்கினம், நான் தேத்தண்ணி ஊத்தினனான்," என்றேன். "எங்களுக்கு ஏன் யாவாரம் வரேல்லை எண்டு இப்ப விளங்குதே?"

தாரணி கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களும் விளங்காமலே சிரித்தார்கள்.

"பேந்து அந்தக் குழியை என்ன செய்தனீங்கள்?"

"வாழை வைச்சம். நல்லாக் குலை போட்டது."

"மிச்சத்தையும் சொல்லுங்கோ," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வசந்தி.

6

"அடுத்த மாதம் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினதையும் சொல்லுங்கோ," என்றாள். சத்தம் போடவில்லை. காற்றுக்கு மேலே கேட்கிற அளவுக்குத்தான் பேசினாள். "எனக்குப் பத்தொன்பது வயசு. ஏஜென்சிக்காரன் ஆர் எவன் எண்டு கேட்டியளே? எந்த நாட்டால கொண்டு போறான் எண்டு கேட்டியளே? அந்தக் குழியைப் பார்த்த பயத்தில பெட்டியைக் கட்டித் தந்தியள். நான் மொழி தெரியாத ஊரில ஆறு மாசம் ஒரு அறைக்குள்ள பூட்டிக் கிடந்தனான். குழாயில மஞ்சளாத் தண்ணி வரும். அதை ருசி பார்க்க ஒருத்தரும் வரேல்லை, அம்மா."

தாரணியின் சிரிப்பு நின்றது. சிறி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் வாய்க்கு எப்போதும் ஏதாவது வரும். எமன் வந்தாலும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று நினைத்திருந்தவள் நான். ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அடுத்த குண்டு குசினிக்குப் பின்னால் விழாது, குசினி மேலேயே விழும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று, கேட்டவனிடம் கேட்டதைக் கொடுத்து அனுப்பினேன். அவள் போகமாட்டேன் என்று அழுததையும் கேட்கவில்லை. ஓம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் அவளுக்கு ஒரு இடம் கொடுக்கவில்லை.

அவளுக்கு மகள் தனியாகப் போவதில் பயம். பாலைவனத்தைப் பார்த்து வந்த பயம் இல்லை அது.

இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னேன்: "என்ர தீர்ப்பைக் கேட்டனீங்கள். நான் சொல்லமாட்டன். ஒரு பிள்ளையை ஒண்டும் கேளாமல் அனுப்பினவள் நான். ரெண்டாம் தரம் எனக்கு அந்த அதிகாரம் இல்லை. வசந்தி சொல்லட்டும்."

"அம்மம்மா!" தாரணி கத்திவிட்டாள். "அம்மா வேண்டாம் எண்டுதானே சொல்லுவா! அதுக்குத்தானே உங்களிட்ட வந்தனான்!" பிறகு பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அது நல்ல சொல் இல்லை என்று எனக்குத் தெரியும். மெட்ரோவில் கதவு மூடினால் ஆட்கள் சொல்கிற சொல்.

காரில் தாரணி கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதாள். இரண்டு வருடம், வேலை, மண், எல்லாம் அந்தக் குழிக்குள் போய் விழுந்துவிட்டது என்று அவள் நினைத்தது அவள் முதுகிலேயே தெரிந்தது. ஆறுதல் சொல்லக் கையை நீட்டினேன், தள்ளிவிட்டாள். செல்லம் கொடுத்த அம்மம்மா ஒரு பிற்பகலில் எதிரியாகிவிட்டேன். விளம்பரப் பலகைகள் இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போயின.

அரை மணி நேரம் அப்படியே ஓடியது. பிறகு முன் சீட்டிலிருந்த வசந்தி, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அந்த வீட்டில அடுப்பு காஸோ, கரண்டோ?"

தாரணி மூக்கை உறிஞ்சினாள். "கரண்ட். ஏன்?"

"கரண்ட் அடுப்பில புட்டு அவியக் கனநேரம் எடுக்கும். நீத்துப்பெட்டி ஒண்டு தந்துவிடவேணும். ஆவி போக ஜன்னல் இருக்கோ?"

சிறி வானொலியைக் குறைத்தார். எனக்கும் விளங்கிவிட்டது, அவருக்கும் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஆண்கள் எவ்வளவும் பேசட்டும், பொம்பிளையின் தாய் எழுந்து போய்க் குசினியை எட்டிப் பார்த்து அடுப்பைப் பற்றிக் கேட்டாள் என்றால் சம்பந்தம் முடிந்தது. வேண்டாத வீட்டு அடுப்பை எந்தத் தாயும் விசாரிப்பதில்லை.

மொன்றியலில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியுமா? "அம்மா ஏன் அடுப்பைக் கேக்கிறா?" என்று என் காதில் குசுகுசுத்தாள்.

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லு, மோட்டுப் பிள்ளை. ஜன்னல் இருக்கு எண்டு சொல்லு."

"ஜன்னல் இருக்கு, அம்மா."

"முதல் ரெண்டு கிழமை நானும் வந்து நிப்பன்," என்றாள் வசந்தி. "நிண்டு எல்லாத்தையும் பார்த்திட்டுத்தான் வருவன். அதுக்குச் சம்மதமெண்டால் போ."

தாரணி இருக்கைப் பட்டியைக் கழற்றி முன்னால் பாய்ந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிறி காரை ஓரமாக நிறுத்தி, புழுதி துடைப்பதுபோலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வடைப் பையைத் திறந்தேன். யாராவது ஏதாவது செய்யவேண்டுமே.

7

தாரணி போய்விட்டாள். வசந்தி சொன்னபடி இரண்டு கிழமை நின்று பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரிக்குப் புட்டு அவிக்கப் பழக்கிவிட்டு வந்திருக்கிறாள். வந்த முதல் இரவு என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தாள். போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஆனால் நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், தமிழ்ச் சனம் நிறைந்த மாடிக்கட்டடத்தில். கட்டடத்தின் நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாக உடுப்புத் தோய்க்கிற மெசின்கள் இருக்கின்றன. ஊரில் கிணற்றடி செய்த வேலையை இங்கே அந்த அறை செய்கிறது. அடுத்த சனிக்கிழமை நான் உடுப்புக் கூடையோடு இறங்கினால், மூன்றாம் மாடிப் புஷ்பமும் அவளுடைய மச்சாளும் எனக்காகவே காத்திருந்தார்கள்.

இனிச் சொல்வதை மொன்றியலில் உறவுக்காரர் உள்ளவர்கள் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்கவேண்டும். யோகம், முக்கியமாக நீ.

"வசந்திக்கு என்ன நெஞ்சழுத்தம், அம்மா," என்றாள் புஷ்பம். "குமர்ப்பிள்ளையைத் தனியப் பாலைவனத்துக்கு அனுப்பிப்போட்டாளாம். நாளைக்கு ஒண்டு நடந்தால் தாயைத்தானே சனம் கேக்கும்?"

"வசந்தியோ அனுப்பினது?" என்றேன். "ஆர் உனக்குச் சொன்னது? அவள் மூண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் மாட்டன் மாட்டன் எண்டு நிண்டவள். நான்தான் வெருட்டி அனுப்பினனான். பிள்ளையை விடாட்டில் நான் வீட்டை விட்டுப் போறன் எண்டு பெட்டியும் கட்டினனான். பாவம், பெத்த தாய்க்குப் பயந்து ஓமெண்டிட்டாள்."

இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"மெய்யாவோ? நீங்களோ?"

"நான்தான். இஞ்ச பார் புஷ்பம், என்ர உடுப்புக் காய இன்னும் பன்னிரண்டு நிமிசம் கிடக்கு. ஏசுறதெண்டால் என்னை ஏசு, கெதியா ஏசு. அவளிட்ட ஒரு சொல்லுக் கேட்டியோ, பேந்து ஒவ்வொரு சனியும் நான் இந்த மெசினுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்திடுவன், ஒருத்தரும் விடுப்புக் கதைக்கேலாது."